கம்பி கழன்றதும் தெரியும் வெண்புள்ளி: நூறாண்டு தாண்டிய ஒரு கதை

பூச்சோங் கடைவீடுகளின் மேல்மாடியில் இயங்கும் பல் கிளினிக்குகளில் சனிக்கிழமை காலை என்றால் இடைநிலைப்பள்ளி மாணவர்களின் கூட்டம்தான். பலருக்கும் பல்லில் கம்பி. ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு என்று மாதாமாதம் வந்து கம்பியை இறுக்கிக்கொண்டு போவார்கள். பெற்றோர் தவணை முறையில் ஆயிரக்கணக்கான ரிங்கிட் கட்டியிருப்பார்கள். கடைசியில் கம்பியைக் கழற்றும் நாள் வரும். வீட்டில் அது ஒரு விசேஷ நாளைப் போன்றது.

கம்பி கழன்றதும் தாதி கையில் ஒரு கண்ணாடியைக் கொடுப்பார். பிள்ளை பார்க்கும். பற்கள் அழகாக வரிசையில் நிற்கும். ஆனால், சில பிள்ளைகளுக்கு முன்பற்களில் சுண்ணாம்பு தீற்றியதுபோல் வெள்ளைத் திட்டுகள் தெரியும். பிராக்கெட் ஒட்டியிருந்த சிறு சதுரம் மட்டும் பல்லின் பழைய நிறத்தில் இருக்கும். அதைச் சுற்றித்தான் அந்த வெள்ளை.

"டாக்டர், இது நல்லா விளக்கினா போயிடும்தானே?" என்று தாய் கேட்பார்.

"இல்லம்மா. இது அழுக்கில்ல. பல்லே அந்த இடத்துல கொஞ்சம் கரைஞ்சிருக்கு" என்று பதில் வரும்.

அந்த நிமிடத்தில் ஒருவரை ஒருவர் குறை சொல்வது தொடங்கிவிடும். கம்பி மட்டம், பசை மட்டம் என்பார் அம்மா. பிள்ளை சரியாகப் பல் விளக்கவில்லை என்பார் மருத்துவர். இப்படி ஆகும் என்று யாருமே சொல்லவில்லை என்று பிள்ளை அழும். உண்மையில் இந்த வெண்புள்ளி எப்படி வருகிறது என்பதை உலகம் கண்டுபிடித்து வெகுகாலம் ஆகிவிட்டது. அந்தக் கதை தெரிந்தால், குறை சொல்லும் நேரத்தில் அதைத் தடுத்திருக்கலாமே என்று தோன்றும்.

பூச்சிப்பல் என்ற நம்பிக்கை

சொத்தைப் பல்லைத் தமிழில் 'பூச்சிப்பல்' என்று சொல்வதுண்டு. பல்லுக்குள் ஒரு புழு இருந்து அரிக்கிறது என்ற நம்பிக்கை பாபிலோன் காலத்திலிருந்து உலகம் முழுவதும் இருந்தது. அதை வலுவாக மறுத்தவர்களில் ஒருவர் பிரான்ஸ் நாட்டின் பியர் ஃபோஷார். 1728-இல் அவர் வெளியிட்ட பல் மருத்துவ நூல் இத்துறையின் அடித்தளம் எனலாம். பல்லுக்குள் புழு எதுவும் இல்லை, சர்க்கரைதான் பற்களுக்குப் பகை என்று அவர் எச்சரித்தார். கோணல் பற்களை நேராக்க, குதிரைலாட வடிவில் ஓர் உலோகப் பட்டையை வைத்துப் பற்களை நூலால் கட்டும் முறையையும் அதே நூலில் விவரித்தார். சர்க்கரையைப் பற்றிய எச்சரிக்கையும் கம்பி கட்டும் கலையும் ஒரே நூலில் இடம்பெற்றன என்பது குறிப்பிடத்தக்கது.

சர்க்கரை எப்படிப் பல்லைக் கெடுக்கிறது? அதற்கு விடை கிடைக்க மேலும் 160 ஆண்டுகள் ஆயின. பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லோபி மில்லர், பிடுங்கிய பற்களை எடுத்து உமிழ்நீரும் ரொட்டியும் கலந்த கலவையில் ஊற வைத்தார். பற்கள் கரைந்தன. ரொட்டிக்குப் பதிலாக இறைச்சியைப் போட்டபோது கரையவில்லை. வாயில் வாழும் நுண்கிருமிகள் மாவுப்பொருளையும் சர்க்கரையையும் தின்று அமிலமாக மாற்றுகின்றன, அந்த அமிலமே பல்லைக் கரைக்கிறது என்று 1890-இல் ஆங்கிலத்தில் வந்த தமது நூலில் அவர் விளக்கினார். பூச்சி என்று நம் பாட்டிமார் சொன்னது முழுவதும் தவறு என்று சொல்லிவிடவும் முடியாது. கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது பல்லைக் கடித்துத் தின்பதில்லை. நாம் கொடுக்கும் இனிப்பைத் தின்றுவிட்டு அமிலத்தை விட்டுச் செல்கிறது.

ஈரக் கோலமும் வெள்ளைத் திட்டும்

பல்லின் மேல்பூச்சான எனாமல்தான் மனித உடலிலேயே கடினமான பொருள். அதன் எடையில் ஏறக்குறைய 96 விழுக்காடு தாது உப்புகளே. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகங்கள் அவை. அதில் உயிருள்ள செல் எதுவும் கிடையாது. எலும்பு முறிந்தால் மீண்டும் கூடும், தோல் கிழிந்தால் ஆறும். எனாமல் உடைந்துபோனால் உடல் அதை மறுபடி உண்டாக்கித் தராது.

1940-களில் அமெரிக்காவின் ராபர்ட் ஸ்டெஃபன் என்பவர் பல்லின் மேல் படிந்திருக்கும் படலத்தின் அமிலத்தன்மையை அளந்து பார்த்தார். சர்க்கரை நீரால் வாய் கொப்பளித்த சில நிமிடங்களிலேயே அமிலம் கூடியது. பிறகு உமிழ்நீர் மெல்ல மெல்ல அதைச் சமன்படுத்தியது. பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடித்தது. அமில அளவைக் காட்டும் எண் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் தாது உப்பை இழக்கத் தொடங்கும். மேலே ஏறினால் உமிழ்நீரில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் பல்லுக்குள் திரும்பிச் சேரும். நாள் முழுவதும் நம் வாயில் இந்த வரவும் செலவும் நடந்துகொண்டே இருக்கின்றன. செலவு மிஞ்சினால் வெண்புள்ளி.

வெள்ளையாகத் தெரிவதற்கு ஒரு காரணம் உண்டு. தாது உப்பு முதலில் மேற்பரப்புக்குச் சற்று உள்ளே இருந்துதான் அதிகம் வெளியேறுகிறது. அங்கே நுண்ணிய துளைகள் உண்டாகின்றன. ஒளி அந்தத் துளைகளில் பட்டுச் சிதறுவதால் அந்த இடம் வெளுத்துத் தெரிகிறது. ஈர வாசலில் போட்ட அரிசிமாவுக் கோலத்தை நினைத்துப் பாருங்கள். ஈரத்தில் மங்கலாகத் தெரியும் கோலம், காயக் காய வெள்ளை வெளேரென்று எழுந்து நிற்கும். தொடக்க நிலை வெண்புள்ளியும் அப்படித்தான். துளைக்குள் உமிழ்நீர் இருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. காற்றடித்து உலர்த்தினால் தெரியும். பல் மருத்துவர் பரிசோதிக்கும்போது பல்லின் மீது காற்றைப் பாய்ச்சுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஈரத்திலும் வெள்ளையாகத் தெரிந்தால் பாதிப்பு இன்னும் ஆழமாகப் போய்விட்டது என்று பொருள்.

வண்ணம் பூசுவோரிடமிருந்து வந்த யோசனை

பல்சீரமைப்பை ஒரு தனித் துறையாக வளர்த்தவர் அமெரிக்காவின் எட்வர்ட் ஆங்கிள். 1900-இல் செயிண்ட் லூயிஸ் நகரில் அதற்கென்றே ஒரு பள்ளியைத் தொடங்கினார். அவர் காலத்திலும் அதற்குப் பின் பல பத்தாண்டுகளும், ஒவ்வொரு பல்லுக்கும் மோதிரம் போல ஓர் உலோக வளையம் மாட்டுவார்கள். சிமெண்ட் வைத்து அதை ஒட்டுவார்கள். வாய் முழுக்க உலோகம்! சிமெண்ட் கரைந்து வளையம் தளர்ந்தால் உள்ளே உணவுத்துகள் புகுந்து பல் வெளுத்துவிடும். வளையத்தைக் கழற்றும்வரை அது யாருக்கும் தெரியாது.

1955-இல் நிலைமை மாறியது. அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் ஆய்வு செய்துவந்த மைக்கல் பூனகோர், உலோகத்தில் வண்ணம் நன்றாகப் பிடிக்க வேண்டும் என்பதற்காகத் தொழிற்சாலைகளில் முதலில் பாஸ்பாரிக் அமிலம் பூசுவதைக் கவனித்தார். பல்லிலும் அதையே செய்தால் என்ன? எனாமலின் மீது 30 விநாடிகள் அந்த அமிலத்தை வைத்துக் கழுவினார். மேற்பரப்பு சொரசொரப்பாகி, ரெசின் பசை உறுதியாகப் பிடித்துக்கொண்டது. 1965-இல் ஜார்ஜ் நியூமன் என்ற பல்சீரமைப்பு நிபுணர், இந்த முறையில் பிராக்கெட்டுகளை நேரடியாகப் பல்லிலேயே ஒட்டலாம் என்று எழுதினார். 1970-களின் இறுதிக்குள் முன்பற்களுக்கு வளையம் போடும் பழக்கம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. இன்று பூச்சோங் பிள்ளைகளின் பல்லில் பொத்தான் போல ஒட்டியிருக்கும் பிராக்கெட் அந்தக் கண்டுபிடிப்பின் பேரப்பிள்ளைதான்.

வளையம் போனதால் வெண்புள்ளியும் போய்விடும் என்று எதிர்பார்த்தார்கள். போகவில்லை. கோரெலிக், கைகர், குவின்னெட் ஆகிய மூவர் 1982-இல் வெளியிட்ட ஆய்வு துறையையே திடுக்கிட வைத்தது. கம்பி போட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் குறைந்தது ஒரு வெண்புள்ளியாவது இருந்தது. மேல்வரிசையில் நடுப்பற்களுக்கு இருபுறமும் உள்ள பற்களே அதிகம் பாதிக்கப்பட்டிருந்தன. சிரித்தால் முதலில் தெரியும் இடம் அதுதான்.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. சிகிச்சை முடிந்த பிறகு, கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்தில், நாக்குப் படும் பக்கத்தில், சிலருக்கு ஒரு கம்பியை நீண்ட காலம் ஒட்டி வைப்பார்கள். அங்கே வெண்புள்ளி காணப்படவில்லை. காரணம், அந்த இடத்தில் உமிழ்நீர் எப்போதும் தேங்கி நிற்கிறது. அப்படியானால் குற்றம் கம்பியிடம் இல்லை, பசையிடமும் இல்லை. கம்பியைச் சுற்றிப் படலம் சேர்வதும், உமிழ்நீர் அங்கே போய்ச் சேராததுமே காரணம் என்பது தெளிவாயிற்று.

எவ்வளவு காலத்தில் இது நடக்கும்? 1988-இல் நார்வேயின் பியோர்ன் ஓகார்டும் அவருடைய குழுவினரும் அதற்கும் விடை சொன்னார்கள். சிகிச்சைக்காக எப்படியும் பிடுங்க வேண்டியிருந்த பற்களில், படலம் சேரும்படி வளையங்களை மாட்டி வைத்தார்கள். ஃபுளோரைட் எதுவும் தரவில்லை. நான்கே வாரங்களில் கண்ணுக்குத் தெரியும் வெண்புள்ளிகள் வந்துவிட்டன. ஒரு மாதச் சந்திப்புக்கும் அடுத்த மாதச் சந்திப்புக்கும் இடையில் இருக்கும் காலம் அது. 'சோதனை முடியட்டும், பிறகு ஒழுங்காக விளக்குகிறேன்' என்று தள்ளிப்போடுவதற்கு இங்கே இடமில்லை.

கிணற்று நீர் சொன்ன பாடம்

இந்த நோய்க்கான மருந்தைக் கண்டுபிடித்த கதையும் பல்லில் தெரிந்த ஒரு கறையிலிருந்தே தொடங்குகிறது. 1901-இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்குப் போன இளம் பல் மருத்துவர் ஃபிரடெரிக் மெக்கே, அவ்வூர் மக்களின் பற்களில் பழுப்புக் கறை இருப்பதைக் கண்டார். அந்தப் பற்களில் சொத்தை குறைவு என்பதும் பிறகு தெரியவந்தது. காரணம் குடிநீரில் உள்ள ஃபுளோரைட் என்பதை 1931-இல் சர்ச்சில் என்ற வேதியியலாளர் கண்டறிந்தார். கறை உண்டாக்காத, ஆனால் சொத்தையைக் குறைக்கும் அளவு எது என்பதை டிரெண்ட்லி டீன் ஆராய்ந்தார். 1945 ஜனவரியில் அமெரிக்காவின் கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரில் குடிநீரில் ஃபுளோரைட் சேர்க்கும் பணி தொடங்கியது. 1950-களின் நடுவில் ஃபுளோரைட் பற்பசை கடைக்கு வந்தது.

ஃபுளோரைட் அளவு மீறினால் என்ன ஆகும் என்பதை அன்றைய சென்னை மாகாணம் உலகுக்குக் காட்டியது. நெல்லூர் மாவட்டத்தில் கிணற்று நீரில் ஃபுளோரைட் மிகுந்து, பற்கள் கறுத்து, எலும்புகளும் இறுகிப்போன மக்களைப் பற்றி 1937-இல் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர் மருத்துவ இதழில் எழுதினர். ஆக, அளவோடு இருந்தால் காவல், அளவு மிஞ்சினால் கேடு.

மலேசியாவில் குடிநீரில் ஃபுளோரைட் சேர்க்கும் திட்டத்துக்கு 1972-இல் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தொடக்கத்தில் 10 லட்சம் பங்கு நீருக்கு 0.7 பங்காக இருந்த அளவு, 2005-இல் 0.5 பங்காகக் குறைக்கப்பட்டது. பற்பசை வழியாகவும் ஃபுளோரைட் கிடைப்பதால், பற்களில் கறை விழாமல் இருக்க எடுத்த முடிவு அது. வீட்டில் 'ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ்' வகை வடிகட்டி வைத்திருப்போருக்கு இந்த ஃபுளோரைட்டின் பெரும்பகுதி கிடைக்காது. அவர்களுக்குப் பற்பசையே முக்கியக் காவல்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வது நல்லது. ஃபுளோரைட் மிகுதியால் வரும் வெள்ளைக் கோடுகள், குழந்தைப் பருவத்தில் பல் உருவாகும்போதே அமைபவை. இடது, வலது இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். கம்பியால் வரும் வெண்புள்ளி பிராக்கெட்டைச் சுற்றியும் ஈறு ஓரத்திலும் மட்டும் இருக்கும். 'ஃபுளோரைட் பற்பசையால்தான் என் பிள்ளைக்கு வெள்ளை விழுந்தது' என்று நினைத்து அதை நிறுத்துவது, கூரை ஒழுகும் நேரத்தில் குடையையும் தூக்கி எறிவதற்குச் சமம்.

தோட்டத்திலிருந்து தாமானுக்கு

இன்று அடுக்குமாடிகளும் பேரங்காடிகளுமாக இருக்கும் பூச்சோங், ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் இருந்த இடம். காசல்பீல்ட், கின்ராரா ஆகிய தோட்டப் பெயர்கள் இன்றும் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களாக நிலைத்திருக்கின்றன. தோட்ட வாழ்க்கையில் கரியும் உப்பும் வேப்பங்குச்சியுமே பல் விளக்கும் பொருள்கள். பல் வலி தாங்க முடியாமல் போனால் பிடுங்குவதுதான் வைத்தியம். பல் கோணலாக இருக்கிறது என்று மருத்துவரிடம் போவதை யாரும் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

நியூசிலாந்தைப் பின்பற்றி 1949-இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சி தொடங்கியது. அங்கு பயின்றவர்கள் பள்ளிப் பிள்ளைகளின் பற்களைக் கவனிக்கத் தொடங்கினர். 1970-களின் தொடக்கத்தில் மலாயா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் பிரிவு உருவானது. தோட்டத்துப் பிள்ளைகளின் பிள்ளைகள் தாமான்களில் வளர்ந்தார்கள். இன்று பேரப்பிள்ளைகளின் பல்லில் கம்பி. மூன்று தலைமுறைகளில் இது பெரிய முன்னேற்றம்தான்.

ஆனால் ஆசை வளர்ந்த வேகத்தில் விழிப்புணர்வு வளரவில்லை. கம்பி ஓர் அலங்காரப் பொருளாகப் பார்க்கப்பட்டதன் விளைவு, போலிப் பற்கம்பி வியாபாரம். 2017-இல் மலாக்காவில், பல் மருத்துவம் படிக்காமல் பற்கம்பி பொருத்திய 20 வயதுப் பெண்ணுக்கு நீதிமன்றம் 70,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. கிளினிக்காகப் பதிவு செய்யப்படாத இடத்தில் சிகிச்சை தந்தது குற்றம். மலிவு என்று இத்தகையோரிடம் போகிறவருக்குக் கம்பி போடுவதற்கு முன் சொத்தை பார்ப்பாரும் இல்லை, போட்ட பின் வெண்புள்ளி பார்ப்பாரும் இல்லை.

உணவுப் பழக்கமும் மாறிவிட்டது. பள்ளி முடிந்ததும் ஐஸ் மைலோ, டியூஷனுக்குப் போகும் வழியில் குளிர்பானம், இரவில் மாமாக் கடையில் தே தாரிக். ஒவ்வொரு முறையும் ஸ்டெஃபன் அளந்த அந்த அமிலம் ஏறி இறங்குகிறது. சுவீடனின் விப்பெஹோல்ம் மனநல விடுதியில் 1940-களில் தொடங்கிய ஆய்வு, எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை என்பதே முக்கியம் என்று காட்டியது. சாப்பாட்டோடு சேர்த்துத் தின்ற இனிப்பைக் காட்டிலும், இடையிடையே தின்ற ஒட்டும் மிட்டாய்களே பற்களை அதிகம் கெடுத்தன. அங்கிருந்த நோயாளிகளின் சம்மதம் இல்லாமல் நடந்த ஆய்வு என்பதால் அது இன்றளவும் கண்டிக்கப்படுகிறது. அத்தனை விலை கொடுத்துப் பெற்ற பாடத்தை மறப்பது நியாயமாகாது.

செய்ய வேண்டியது என்ன?

கம்பி போடும் முன்பே பற்களில் சொத்தையும் வெண்புள்ளியும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். ஒழுங்காகப் பல் விளக்காத பிள்ளைக்குச் சில மாதங்கள் தள்ளிக் கம்பி போடலாம் என்று மருத்துவர் சொன்னால் கோபப்படக் கூடாது. அது நல்ல மருத்துவருக்கு அடையாளம்.

கம்பி போட்ட பின், 1,000 முதல் 1,500 பங்கு அளவு ஃபுளோரைட் உள்ள பற்பசையால் நாளைக்கு இரு வேளையாவது விளக்க வேண்டும். பற்பசைப் பெட்டியிலேயே இந்த எண் அச்சிடப்பட்டிருக்கும். கம்பிக்கு மேலே, கம்பிக்குக் கீழே, ஈறு ஓரம் என மூன்று இடங்களையும் தனித்தனியே விளக்க வேண்டும். கம்பிக்கு அடியில் நுழையும் சிறு தூரிகை கடைகளில் கிடைக்கிறது. விளக்கி முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும். நிறையத் தண்ணீரால் கொப்பளித்தால் ஃபுளோரைட்டும் போய்விடும். மருத்துவர் சொன்னால் ஃபுளோரைட் வாய் கொப்பளிப்பானை வேறு ஒரு நேரத்தில் பயன்படுத்தலாம். கிளினிக்கில் ஃபுளோரைட் வார்னிஷ் பூசுவதும் உண்டு. இனிப்புப் பானத்தைச் சாப்பாட்டு வேளையோடு முடித்துக்கொண்டு, இடையில் வெறும் தண்ணீர் குடிப்பது செலவில்லாத மருந்து.

வெள்ளை வந்துவிட்டால் எல்லாம் முடிந்துபோயிற்று என்று பொருளல்ல. வெண்புள்ளி என்பது பள்ளம் விழுவதற்கு முந்திய நிலை. இப்போது நிறுத்தினால் நின்றுவிடும். கம்பி கழன்ற பின் உமிழ்நீர் தடையின்றிப் படுவதால், சில புள்ளிகள் மாதக் கணக்கில் மெல்ல மங்கும். மங்காதவற்றுக்கு, 2009 முதல் ஜெர்மனியில் உருவான ஒரு முறை இருக்கிறது. துளைகளுக்குள் நீர்த்த ரெசினைச் செலுத்தி, ஒளி சிதறாமல் செய்கிறார்கள். புள்ளி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஆனால் இழந்த எனாமல் திரும்பி வந்ததாக அதற்குப் பொருளில்லை. அவசரப்பட்டு வெண்மையாக்கும் பசையைத் தேய்ப்பதும், எலுமிச்சம் பழத்தைத் தேய்ப்பதும் வேண்டாம். எலுமிச்சையும் அமிலம்தான்.

மில்லர் சொன்னது 1890-இல். ஓகார்ட் சொன்னது 1988-இல். தெரிந்துகொள்ள வேண்டியவை எல்லாம் தெரிந்துவிட்டன. மீதி இருப்பது இரவு படுக்கப் போகும் முன் குளியலறைக் கண்ணாடி முன்னால் நிற்கும் சில நிமிடங்கள்தாம். பிள்ளைக்குக் கம்பிக்காகத் தவணை கட்டும் பெற்றோர், அந்தச் சில நிமிடங்களும் ஒரு தவணைதான் என்பதை முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிட்டால், கம்பி கழற்றும் நாளில் கண்ணாடியைப் பார்த்து யாரும் அழ வேண்டியிருக்காது.